குண்டிக்காய்க்கு மேலே ஒரு குல்லா

நம் எல்லோருடைய முதுகுக்குள்ளும் இரண்டு குண்டிக்காய் இருக்கிறது. ஒவ்வொரு குண்டிக்காயின் தலையிலும் ஒரு குல்லா இருக்கிறது. இதை நான் எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். படித்தவர்கள் குண்டிக்காய் என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிறுநீரகம் என்று சொல்லக்கூடாதா டாக்டரம்மா என்று முகம் சுளிப்பார்கள். படிக்காதவர்கள் குல்லாவுக்குச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். அந்தக் குல்லாதான் என்னை ஒரு பரீட்சையில் தோற்க வைத்தது, அடுத்த பரீட்சையில் ஜெயிக்க வைத்தது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

இப்போது அதை அட்ரினல் சுரப்பி என்கிறார்கள். நான் வேலூரில் படித்தபோது எங்கள் புத்தகத்தில் அதற்கு வேறொரு பெயர் இருந்தது. அதுவும் வாயில் நுழையாது.

நான் டாக்டருக்குப் படிக்கப் போனதே அவசரத்தில் நடந்த காரியம். அக்காவுக்குத் தலைப்பிரசவம், வீடு குடியாத்தம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அப்பா அக்காவையும் என்னையும் வண்டியில் போட்டுக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தார். அப்பா கைலி வியாபாரி, லேசில் வார்த்தை கொடுக்கிற மனிதர் இல்லை. அன்றைக்கு மனசு இளகிப்போய், "என் சின்னப் பொண்ண உங்ககிட்டயே படிக்க வுட்டுடறேம்மா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் பல் துலக்கும்போதே அதற்கு வருத்தப்பட ஆரம்பித்தார். ஆனால் டாக்டரம்மா அதற்குள் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்குப் படிப்பு வந்தது, பேச்சுதான் வரவில்லை. விடுதியில் சண்டைக்காரி என்று பெயர் எடுத்தவள் நான். சாம்பாரில் பூச்சி கிடந்தால் சமையற்காரரை நடுங்க வைத்துவிடுவேன். ஆனால் பரீட்சையில் நாற்காலி போட்டு ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் போதும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாய்மொழிப் பரீட்சையில், சென்னையிலிருந்து வந்த பரீட்சகர் என்னிடம் கேட்டது உலகத்திலேயே சுலபமான கேள்வி: "இருதயம் எந்தப் பக்கம் இருக்கிறது?" என் இருதயம் அப்போது தொண்டையில் இருந்தது. எழுந்து வெளியே ஓடிவிட்டேன். ஓடினது மட்டுமில்லை, விடுதிக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். புடவையோடு எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

டாக்டரம்மா மரத்தடிக்கு வந்தார். அவருடைய தமிழ் வேதப்புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்ட தமிழ்.

"பெண்ணே, நீ மரத்தின்மேல் ஏறினது என்ன?" என்று கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன். பேச்சு அப்போதுதான் வந்தது. மரத்துமேலே உட்கார்ந்தால் எனக்கு நன்றாகப் பேச்சு வரும்.

"நான் அறிவேன்" என்றார் அவர். "உன் குண்டிக்காய்களின்மேல் இரண்டு சிறிய சுரப்பிகள் உண்டு. நீ பயந்தபோது அவை ஒரு சாற்றை உன் இரத்தத்திலே விட்டன. உன் இருதயம் வேகமாய் அடித்தது. உன் வாய் உலர்ந்தது. உன் கால்களுக்குப் பெலன் வந்தது. அந்தச் சாறு ஒருவரை ஓடவும் பண்ணும், யுத்தம் பண்ணவும் பண்ணும். நீ ஓடினாய். அடுத்த முறை மற்றதைச் செய்துபார். இப்பொழுது இறங்கு, கொய்யாக்காய்கள் இன்னும் பழுக்கவில்லை."

இப்படித்தான் அந்தச் சுரப்பி எனக்கு அறிமுகமானது.

டாக்டரம்மா எனக்காகப் பேசி, இன்னொரு தடவை பரீட்சை எழுத அனுமதி வாங்கினார். அப்பா குடியாத்தத்திலிருந்து வந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் பரீச்சை பூட்டுச்சின்னா, பெட்டியத் தூக்கிக்கினு நேரா ஊருக்கு. உங்க அத்தை ரெடியா கீறா."

அத்தை என்றால் அத்தை மகன். நல்ல மனிதர், தவறாக ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்கு நூலைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வீட்டுக்கு வந்தால் என் முகத்தைப் பார்க்கமாட்டார், முந்தானையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "பாவு நல்லா கீது, ஊடை கம்மி" என்பார். நெடுக்கு நூல் பாவு, குறுக்கு நூல் ஊடை. ஆயுள் முழுக்க ஒருவர் என்னைப் பாவு, ஊடை என்று பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு அழுகை வந்தது. பிள்ளை பெற முடியாமல் துடித்த அக்காவை நான் பார்த்தவள். அந்த டாக்டரம்மா கை கழுவிக்கொண்டு வந்து நின்ற நிலையையும் பார்த்தவள். எனக்கு அப்படி ஒரு நாள் நிற்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்கு நான் இந்தப் பரீட்சையில் தேறியாகவேண்டும்.

அந்தத் தடவை புது ஏற்பாடு. ஒவ்வொரு மாணவியும் உடம்பின் ஏதாவது ஓர் உறுப்பைப் பதப்படுத்தி, பரீட்சகர் முன்னால் வைத்து, அறுத்துக்காட்டி விளக்கவேண்டும். யாருக்கு எது என்று பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டார்கள். என் தோழிக்கு இருதயம் வந்தது. இன்னொருத்திக்கு ஈரல், கல்யாண விருந்துக்கு வைக்கலாம் போல அவ்வளவு பெரிசு. எனக்கு வந்த சீட்டைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். குண்டிக்காயின் குல்லா.

முதலில் பிணவறையில் தேடினோம். அந்தச் சுரப்பிக்கு ஒரு கெட்ட குணம், உயிர் போனதும் மற்ற எதையும்விட முந்திக்கொண்டு கரைய ஆரம்பித்துவிடும். எங்களுக்குக் கிடைத்த உடம்பில் அது கூழாக இருந்தது. "ஆட்டினுடையது போதும்" என்றார் டாக்டரம்மா. "ஆனால் அறுத்தவுடனே எடுக்கவேண்டும்." ஆட்டுக்கு நான் எங்கே போவேன்? ஆம்பூருக்குத்தான். அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த ஊர் அது. அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, அங்கே ஒரு சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் தொட்டி மேஸ்திரி. தோல் இருக்கிற ஊரில் ஆட்டுக்கா பஞ்சம்.

லீவு கேட்டுக்கொண்டு ரயிலேறினேன். ஸ்டேஷனில் இறங்கும்போதே மூக்கு ஊரைச் சொல்லிவிடும். சுண்ணாம்புத் தொட்டியின் நெடி, ஆவாரம்பட்டை ஊறின தண்ணீரின் புளிப்பு, வெயிலில் காயும் தோல். அக்காவுக்கு அது வாசனையாகவே தெரியவில்லை, "இன்னா நாத்தம்? எனக்கு ஒண்ணுமே அடிக்கலயே" என்பாள்.

மறுநாள் விடிந்ததும் மாமாவும் நானும் கறிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பாய், மாமாவுக்குத் தோஸ்த். கடை முழுக்க ஆண்கள் கூட்டம். பொம்பளைப் பிள்ளை கடைக்குள்ளேயே வந்து நின்றதில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னா வோணும்மா? தொடையா, நெஞ்செலும்பா?"

"குண்டிக்காய் மேல இருக்கிறது வேணும் பாய்."

"குண்டிக்காயா? தர்றேன்."

"குண்டிக்காய் இல்ல பாய். அதுக்கு மேல இருக்கிறது."

"மேல கொழுப்பு கீது."

"கொழுப்புக்குள்ள இருக்கும். அவரைக்கொட்டை மாதிரி. குல்லா."

பாய் தன் தலையில் இருந்த குல்லாவை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஆடு அறுக்கறோம். குல்லா போட்ட குண்டிக்காயி இதுவரிக்கும் பாத்ததில்ல" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கத்தியை நானே வாங்கி, கொழுப்பை விலக்கி, சிவப்புக்கும் பழுப்புக்கும் நடுவான அந்தச் சின்னக் கொட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 

"இத்த நாயிக்குல்ல போட்டுக்கினு இருந்தேன்! இன்னா பண்ணும் இது?"

"பயம் வந்தா ஓடறதுக்கும் சண்டை போடறதுக்கும் தெம்பு குடுக்கும்" என்றேன்.

பாய் வாசலில் காத்திருந்த நாய்களைப் பார்த்தார். "அதான் எங்க தெரு நாயிங்க எல்லாம் இந்த ஆட்டம் ஆடுது" என்றார்.

அன்றைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரு வாழை இலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சதை கெடாமல் வைக்கும் பார்மலின் புட்டியைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்து அதில் போட்டுக்கொள்ளலாம் என்று இலையைச் சமையலறை மாடத்தில் வைத்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா? குளித்துவிட்டு வந்தால் அக்கா எனக்குச் சோறு போட்டாள். தொட்டுக்க மிளகு வறுவல். நல்ல பசி, நன்றாகவே சாப்பிட்டேன். ஈரல் மாதிரியும் இல்லை, மண்ணீரல் மாதிரியும் இல்லை, ஏதோ ஒரு ருசி.

"இன்னாக்கா இது?"

"நீ கொணாந்ததுதான்" என்றாள் அக்கா பெருமையாக. "உங்க மாமா சொன்னாரு, அது தைரியம் குடுக்கிற உறுப்புன்னு. பரீச்சையில பயந்துக்கினு ஓடறவ நீதானே. அதான் பூரா உனக்கே வறுத்துட்டேன். அவருக்குக் கூட வெக்கல."

நான் தட்டைப் பார்த்தேன், தட்டு காலி. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தைரியம் எப்போது வரும் என்று. அந்தச் சாறு வயிற்றுக்குள் போனால் செரித்து ஒன்றுமில்லாமல் போய்விடும், ஊசியில் ஏற்றினால்தான் வேலை செய்யும் என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பாருங்க, வேல செய்யுது" என்று அக்கா அவரிடம் சொன்னாள்.

அன்று சாயங்கால ரயிலுக்கு நான் வேலூர் திரும்பியாக வேண்டும். வேறு வழியில்லாமல் மாமாவிடம் சொன்னேன். பாயிடம் மறுபடியும் வாங்கி, இந்தப் புட்டியில் போட்டு, பரீட்சை அன்றைக்குள் வேலூரில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். "கெடக்கூடாது மாமா. கெட்டுப்போனா நான் குடியாத்தம்தான், அத்தான்தான், நூல்தான்" என்றேன்.

மாமா புட்டியை முகர்ந்து பார்த்தார், அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "கெடாம வெக்கிற வேலைய எங்கிட்ட சொல்லிட்ட இல்ல, கவலைய வுடு கண்ணு" என்றார். அந்தப் பேச்சில் இருந்த பெருமையை அப்போதே கவனித்திருக்கவேண்டும். நான் கவனிக்கவில்லை, அக்காமேல் இருந்த கோபத்தில் இருந்தேன்.

பரீட்சை நாள் வரைக்கும் நான் மனப்பாடம் செய்தேன். மேலே பட்டை, உள்ளே மையம். பட்டை என்ன செய்கிறது என்று அப்போது முழுசாக யாருக்கும் தெரியாது. ஆனால் அது கெட்டுப்போனால் மனிதன் சோர்ந்து, மேல் கறுத்து, உருகிப் போய்விடுவான், அது இல்லாமல் உயிர் நிற்காது. மையம்தான் பயத்தின் சாற்றைச் சுரப்பது. அந்த மையத்தின் உயிரணுக்களுக்கு ஒரு அடையாளம் உண்டு, குரோம் உப்பில் ஊறினால் அவை பழுப்பாகும். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். கண்ணைத் திறந்து எதிரே தோழியை உட்காரவைத்து ஒப்பித்தால் ஒரு வரி வராது. தோழி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள், அப்போதும் வரவில்லை.

பரீட்சை அன்று காலை விடுதி வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் அப்பா, ஜட்காவோடு வந்திருந்தார். என் பெட்டியை அறையிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லி வாட்ச்மேனிடம் அப்போதே சொல்லிவிட்டார், எப்படியும் தேவைப்படும் என்று. இன்னொருவர் மாமா. கையில் ஒரு தூக்கு. முகத்தில் பிள்ளை பெற்றவரின் சிரிப்பு.

"ஒண்ணு கூட கெடல" என்றார்.

தூக்கைத் திறந்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத் தண்ணீர். அதில் மஞ்சளாக ஊறிக்கொண்டு என் சுரப்பிகள்.

"மாமா, பார்மலின் எங்க?"

"அந்தப் புட்டியா? அது இன்னா தண்ணி, கண்ணுதான் எரியுது. முப்பாட்டன் காலத்துலேர்ந்து ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் கெடாம வெக்கிறோம், அவரைக்கொட்ட சைஸ் சதைய வெக்கத் தெரியாதா எங்களுக்கு? மொதலாளி சாயபு புதுசா குரோம் தொட்டி போட்டுக்கிறாரு இல்ல, மெட்ராஸ்ல போடற மாதிரி. அதுல வுட்டுட்டேன். சின்ன சரக்கு, ஆசிட் ஜாஸ்தியானா தாங்காதுன்னு கம்மியாத்தான் போட்டேன்." பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்து அவிழ்த்தார். "தூக்குல கீறது அரைப்பதம். இது பாரு, முழுப்பதம். ரெண்டாவது தொட்டியும் பாத்துட்டு, எண்ணெ தடவி, மெருகு போட்டுட்டேன். நூறு வருசம் இருக்கும்."

அவர் உள்ளங்கையில் கறுப்பாக, பளபளவென்று, பொத்தான் சைஸில் ஒரு சுரப்பி உட்கார்ந்திருந்தது. என் சுரப்பியைத் தோலாக்கிவிட்டார்! ஆம்பூரில் பிறந்த மனிதனைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படிச் செய்யத் தோன்றியிருக்காது. நான் அழுதேன். திட்டினேன். அப்பா ஜட்காக்காரரிடம், "இரு, சீக்கிரம் கெளம்பிடலாம்" என்றார். மாமா ஒன்றும் புரியாமல், "சாயம் வேணாமா? கறுப்பு புடிக்கலன்னா செவப்பும் கீது" என்று கேட்டார்.

வேறு சரக்கு தேட நேரமில்லை. தூக்கிலிருந்த ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அந்த ஆரஞ்சுத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முழுப்பதம் செய்ததை மாமா என் கையில் திணித்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

பரீட்சகர் அதே மனிதர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பக்கத்து நாற்காலியில் டாக்டரம்மா. ஜன்னல் வழியாகக் கொய்யா மரம் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே வாய் உலர்ந்துவிட்டது. கை நடுங்கி, கிண்ணத்துத் தண்ணீர் மேஜையில் சிந்தியது. பரீட்சகர் மூக்கைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, ஒரே தோல் மண்டி வாடை?"

கிண்ணத்தை நேராக நகர்த்தி வைத்தேன்.

"இதென்ன மஞ்சளா? ஊறுகாயா?"

கதவு எத்தனை அடி தூரம் என்று மனசு பார்த்துக்கொண்டது. கால் தயாராக இருந்தது.

"யாராவது தோல்காரன்கிட்ட குடுத்துப் பண்ணினியா? தோலும் பிணமும் கலந்து வேலை செய்கிற ஜனங்களுக்கு உடம்பைப் பத்தி என்ன தெரியும்? இதையா என் முன்னால கொண்டாந்து வைக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு மாமாவின் முகம் ஞாபகம் வந்தது. தூக்கைத் திறந்தபோது இருந்த அந்தச் சிரிப்பு. காலுக்குப் போயிருந்த தெம்பு அப்படியே மேலே ஏறினது எனக்குத் தெரிந்தது. சாம்பாரில் பூச்சி கிடந்தால் வரும் குரல் எனக்கு வந்துவிட்டது.

"சார், உங்க கால்ல கிடக்கிற ஷூ யார் பண்ணினது? நீங்க கொண்டாந்த பை யார் பண்ணினது? தோல்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, வெறுங்காலோட சென்னைக்குத் திரும்பிப் போங்க! இதை எங்க மாமா பதம் பண்ணினாரு. நான் தேறணும்னு பண்ணினாரு. உள்ள எப்படி இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் சிரிங்க!"

கத்தியை எடுத்து, அவர் எதிரிலேயே அந்தக் கொட்டையைக் குறுக்கே ஒரே போடாகப் போட்டேன். உண்மையைச் சொன்னால் உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆத்திரத்தில் வெட்டினது அது.

இரண்டு பாதியும் மல்லாந்து விழுந்தன. சுற்றிலும் பட்டை வெளிறின மஞ்சள். நடுவே காப்பிக் கொட்டை நிறத்தில், கோடு கிழித்தது போல, மையம். சுத்தப் பழுப்பு.

பரீட்சகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குனிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ தடவை ஒப்பித்த வரி அப்போதுதான் எனக்கு உறைத்தது. குரோம் உப்பில் ஊறினால் பழுப்பாகும். புத்தகத்தில் இருந்த குரோமும் மாமாவின் தொட்டியில் இருந்த குரோமும் ஒன்றுதான் என்று அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. எனக்கே தோன்றாதது மாமாவுக்கு எங்கே தெரியும்? அவர் கெடக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தார்.

"எதில் ஊறப் போட்டீர்கள்?" பரீட்சகர் மரியாதைக்கு மாறிவிட்டார்.

"குரோம் தொட்டியில சார். ஆசிட் கம்மி."

"இந்தப் பழுப்பு எதைக் காட்டுகிறது?"

"சாறு இருக்கிற இடத்தை."

"அந்தச் சாறு என்ன செய்யும்?"

மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒப்பிக்கவேண்டிய அவசியமும் இல்லை. கையை அவர் முன்னால் நீட்டினேன். "பாருங்க சார், நடுங்குது. நாடியைப் பிடிங்க, எப்படி அடிக்குதுன்னு தெரியும். வாயில எச்சில் இல்ல. கை சில்லுனு இருக்கு, வேர்க்குது. மயிர்க்கால் எழுந்து நிக்குது. ரத்தம் வயித்தை விட்டுட்டுக் கைக்கும் காலுக்கும் போயிடுச்சு. காலையில தின்ன இட்லி அப்படியே கல்லு மாதிரி கிடக்கு. எனக்கு இப்பவும் பயம் போகல சார். போன தடவை இதே சாறுதான் என்னை அந்த மரத்துமேல ஏத்திச்சு. இந்தத் தடவை உங்ககூடச் சண்டை போட வச்சுது. சுரப்பி ஒண்ணுதான், சாறும் ஒண்ணுதான்."

பரீட்சகர் உண்மையிலேயே என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். "உங்கள் மாமா வெளியே இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"இருக்காரு."

"நான் சொன்னதை அவரிடம் சொல்லவேண்டாம்" என்றார். இருதயம் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

நான் வெளியே வந்தபோது பெட்டி ஜட்காவில் ஏறியிருந்தது. அப்பா அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். மாமா ஜட்காக்காரரின் சவுக்குத் தோலை வளைத்துப் பார்த்து, இது பதம் போதாது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"பெட்டிய இறக்குங்கப்பா" என்றேன்.

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் கோணியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஜட்காக்காரர் கை கொடுக்க வந்ததைத் தள்ளிவிட்டுத் தானே பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு விடுதிக்குள் நடந்தார். ஆம்பளைங்க வரக்கூடாது என்று வாட்ச்மேன் பின்னாலேயே ஓடினார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத்தான் அப்பா நின்றார்.

"உங்க அத்தைக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"நூல் அறுந்துடுச்சின்னு சொல்லுங்க."

"பேஜாரு புடிச்ச பொண்ணு" என்றார். ஆனால் கிளம்பும்போது என் தலையில் கை வைத்தார். அப்பா அப்படிச் செய்கிற மனிதர் இல்லை.

மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்க விடவில்லை. "தேறிட்டியா? அப்ப சரக்கு கெடல இல்ல?" என்றார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அக்காவோ, தேறினது தான் போட்ட மிளகு வறுவலால்தான் என்று கடைசிவரை சாதித்தாள். ஆம்பூரில் கொஞ்ச காலம் அந்தக் கொட்டைக்குக் கிராக்கி ஏறிவிட்டது, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் பாய் கடையில் நின்றார்கள். தெரு நாய்கள்தான் இளைத்துப் போனதாகக் கேள்வி.

இடுப்பில் சொருகின அந்த முழுப்பதச் சுரப்பியை மாமாவே என் டாக்டர் பையின் மூடிக்குப் பொத்தானாகத் தைத்துக் கொடுத்தார். பை இரண்டு தடவை மாறிவிட்டது. பொத்தான் மாறவில்லை. எத்தனை வீடுகளுக்கு, எத்தனை பிரசவங்களுக்கு அதைத் திறந்திருக்கிறேன். பிள்ளை குறுக்கே கிடந்து, தாய் கத்தி, வீடே கதவுக்கு வெளியே நிற்கும்போது எனக்கு இன்றைக்கும் வாய் உலர்கிறது. கை சில்லிடுகிறது. கொய்யா மரம் எங்கேயாவது இருக்கிறதா என்று மனசு தேடுகிறது. அப்போது அந்தப் பொத்தானைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் பையைத் திறப்பேன்.

ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில், வலிக்கு நடுவே ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள். தலைச்சன் பிள்ளை, பயத்தில் கண் அகன்று கிடந்தாள்.

"அது இன்னா டாக்டரம்மா, கறுப்பா?"

"பயம்" என்றேன். "எங்க மாமா பதம் பண்ணிக் குடுத்தாரு. இந்தா, நீ கொஞ்ச நேரம் புடிச்சுக்கோ."

அவள் பையை இழுத்துப் பொத்தானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் கை கழுவப் போனேன்.